செம்பூரில் எனக்கொரு வாசகர்

பன்னிரண்டு வருடமாக இணையத்தில் பிளாக் எழுதுகிறேன். வீடு, பயணம், தொழில் யோசனை என்று மூன்று பிரிவு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் உத்தியோகம். அது சோற்றுக்கு, பிளாக் பேருக்கு. வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு பேர் நானே வேறு பெயரில் வந்து பாராட்டிவிட்டுப் போவது.

தொழில் யோசனைகளில்தான் எனக்குத் தனிப் பெருமை. வீட்டு வாசலுக்கே வந்து தேங்காய் துருவிக் கொடுக்கும் சேவை, கல்யாண வீட்டில் செருப்புக்கு டோக்கன், மொட்டைமாடியில் முயல் பண்ணை என்று வாரம் ஒன்றாக அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருப்பேன். அதைச் செய்து யாரும் பணக்காரர் ஆனதாக இதுவரை தகவல் இல்லை.

மும்பைப் பயணம் என் மச்சினன் கணேசனுக்காக. என் மனைவி செல்வியின் ஒரே தம்பி. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். வயது முப்பத்தைந்து. இதுவரை நான்கு இடம் பார்த்து நான்கும் தட்டிப்போயின. ஒன்றுக்கு ஜாதகம் காரணம், ஒன்றுக்குத் தூரம் காரணம், மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லவே இல்லை. ஐந்தாவதாக செம்பூரில் ஒரு பெண் அமைந்தது. பூர்வீகம் நம் பக்கம்தான். மாமியாருக்கு முட்டுவலி, மாமனார் இல்லை. எனவே பெண் பார்க்கப் பெரியவர்களாக அக்காளும் அத்தானும் போக வேண்டியதாயிற்று.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா அவன் மூஞ்சியில முழிக்க எனக்குத் தெம்பு கெடையாது பாத்துக்கிடுங்க" என்று செல்வி கிளம்பும் முன்பே எச்சரித்தாள். என்னமோ நான்தான் தட்டிவிடக் காத்திருப்பவன் மாதிரி.

மாப்பிள்ளையின் பயோடேட்டாவைத் தட்டச்சு செய்தது நான். உயரம், நட்சத்திரம், வேலை எல்லாம் போட்டு, கடைசியில் 'குடும்பத்தைப் பற்றி மேலும் அறிய' என்று எழுதி என் பிளாக் முகவரியைச் சேர்த்தேன். சும்மா போகிற காகிதம்தானே, ஒரு வாசகர் கிடைத்தால் லாபம் என்று நினைத்தேன். பலன் உடனே தெரிந்தது. மும்பையிலிருந்து யாரோ தினமும் சாயங்காலம் வந்து, முதல் பதிவிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போவதை பிளாக் காட்டிக்கொடுத்தது. மூன்று வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதல் நாள். கணேசன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். "வாங்க அத்தான், வாக்கா" என்றவன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். இங்கே எல்லோருமே ஓடுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஒருவர் ஓடினால் நான்கு பேர் நிறுத்தி, வீட்டில் யாருக்கு என்ன என்று விசாரிப்பார்கள். இங்கே நடந்து போன என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தாராவியில் அவன் இருப்பது மாடி அறை. கோலி என்கிறார்கள். கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேர் எங்களுக்காக மூன்று நாள் வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். மாடிக்குப் போகச் செங்குத்தான இரும்பு ஏணி. செல்வி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நான் தோள்பையோடு பாதியில் மாட்டிக்கொண்டேன். பை கைப்பிடிக் கம்பியில், நான் பையில். கீழே மூன்று பேர் ஏறக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் இந்தியில் ஏதோ சொன்னார். மேலேயிருந்து கணேசன் மொழிபெயர்த்தான்: "ஏறுததுன்னா ஏறு, குடியிருக்கதுன்னா வேற எடம் பாருங்காரு, அத்தான்."

அறை சின்னதுதான். ஆனால் ஒரு தம்ளர்கூட இடம் மாறி இருக்காது. எங்கள் வீட்டில் நான்கு அறை இருக்கிறது, என் மூக்குக்கண்ணாடி எந்த அறையில் என்று காலையில் ஒரு மணி நேரம் தேடுகிறோம்.

நெல்லையிலிருந்து இரண்டு கிலோ அல்வா சுமந்து வந்திருந்தோம். தெருமுனைக்கு வந்து பார்த்தால் 'திருநெல்வேலி அல்வா' என்று பலகை போட்டு, சுடச்சுட வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் பேசியதும் எங்கள் தெருப் பேச்சு. "எங்கிட்டுருந்து வாரிய?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கேருந்தா இத தூக்கிட்டு வந்திய?" என்று எங்கள் பையைப் பார்த்துச் சிரித்தார். செல்வி என்னைப் பார்த்தாள். அல்வா வாங்கச் சொன்னது அவள்தான், இருந்தாலும் என்னைத்தான் பார்த்தாள்.

மதியம் கணேசனின் பட்டறைக்குப் போனோம். கணேசன் தோலை விரித்து, தடவிப் பார்த்து, ஒரே இழுப்பில் வெட்டினான். அவன் முதலாளி எங்களுக்கு டீ வரவழைத்து, இந்தியில் நெடுநேரம் பேசினார். என்ன சொல்கிறார் என்று கணேசனைக் கேட்டால் அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல மறுத்துவிட்டான். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்தான் சொன்னார்: பன்னிரண்டு வருடத்தில் ஒரு தோலைக்கூட இவன் தப்பாக வெட்டியது இல்லையாம். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மாட்டுங்கா. பெண்ணுக்குச் சேலையும் பூவும் வாங்க வேண்டும். சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே மாட்டுங்கா. ஒரே ஒரு ஸ்டேஷன், அதில் என்ன ஆகிவிடும் என்று கணேசனை வேலைக்கு அனுப்பிவிட்டு நாங்களே கிளம்பினோம். செல்வி பெண்கள் பெட்டியில் ஏறினாள். நான் பொதுப் பெட்டியில் ஏறினேன். சரியாகச் சொன்னால் ஏற்றப்பட்டேன்.

மாட்டுங்கா வந்தது. எனக்கும் கதவுக்கும் இடையில் ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது. "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் கத்தினேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, நிதானமாக ஏதோ சொன்னார். அரைகுறை இந்தியில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: "இறங்குகிற ஆள் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கத் தொடங்க வேண்டும்." நான் ஏறியதே முந்தின ஸ்டேஷனில்தான் என்று இந்தியில் சொல்லத் தெரியவில்லை.

தாதரில் எல்லோரும் இறங்கினார்கள். என்னையும் சேர்த்து இறக்கினார்கள். சட்டையில் ஒரு பித்தான் இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டைப்பையில் யாருடைய சீப்போ இருந்தது. போன் அடித்தது.

"எங்க இருக்கிய?"

"தாதர்ல."

"அங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்ல."

தொழில் யோசனை: லோக்கல் ரயிலில் வெளியூர்க்காரர்களை உரிய ஸ்டேஷனில் இறக்கிவிட ஆள். இரண்டு பேர் தள்ள, ஒருவர் கீழே பிடிக்க. குறிப்பேட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒருவழியாக மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது செல்வி சேலையே எடுத்து முடித்திருந்தாள். பூக்கட்டு, வாழையிலை, அப்பளம், விபூதி என்று கடைகளைப் பார்த்தால் திருநெல்வேலி டவுனில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் காலி மேஜை என்று ஒன்று கிடையாது. யார் யாரோடோ உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். எங்கள் எதிரே ஒரு பெரியவர் வாய்த்தார். பாலக்காட்டுக் குடும்பமாம், ஏதோ ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

"காபி நன்னா இருக்கோ? ஆத்தாமக் குடிக்கணுமாக்கும்" என்று எனக்கு வகுப்பு எடுத்தார். எங்கள் ஊர் காபி இதைவிடத் திக்காக இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இது நிஜமாகவே நன்றாக இருந்தது. அதனால் பேசாமல் இன்னொன்று வாங்கினேன்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். பெண் பார்க்க என்றாள் செல்வி. நான் பிளாக் எழுதுவதையும் இடையில் செருகினேன்.

"பிளாக்கா? அதையெல்லாம் இப்போ யாரு படிக்கறா? எல்லாரும் வீடியோன்னா பாக்கறா!" என்றவர் செல்வியிடம் திரும்பினார். "பெண்ணாத்துல மாப்பிள்ளையப் பத்தி நன்னா விசாரிச்சிருப்பா, பாத்துக்கோங்கோ. இந்த ஊர்ல வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுடுவா."

"எந்தம்பியப் பத்தி யாருட்ட கேட்டாலும் ஒரு கொறை சொல்ல முடியாது" என்றாள் செல்வி. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் செம்பூர். சயானிலிருந்து ஆட்டோ பிடித்தோம். மீட்டர் போட்டார். இறங்கியதும் மீட்டரில் காட்டியதை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார். நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். எங்கள் ஊரில் ஆட்டோவில் மீட்டர் என்பது திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி, தொங்கும், அவ்வளவுதான். "அத்தான், அவர் போகணும்" என்று கணேசன் என்னை நகர்த்தினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான் பாவம்.

பெண்ணின் அப்பா சுடலைமுத்து ஒரு காலத்தில் தாராவியில் பெல்ட் தைத்தவர். இப்போது செம்பூரில் சொந்த ஃப்ளாட். பெண் சுகன்யா வாஷியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பஜ்ஜி வந்தது. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. அப்போது சுடலைமுத்து எழுந்து போய் ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்து மடியில் வைத்தார்.

"சார்வாள், உங்க பிளாக்கு மொத்தமும் படிச்சாச்சு" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. அந்தச் சாயங்கால வாசகர் இவர்தானா! "எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

"எந்த ஆளு?"

"உங்க மச்சினன்தான்" என்று கணேசனைக் காட்டினார். "பட்டறையில விசாரிச்சேன், தங்கம்னாங்க. கோயில் கமிட்டியில கேட்டேன், தங்கம்னாங்க. ஆனா சொந்த அத்தான் நீங்க, நீங்க எழுதுறதுதானே நெசம்?"

ஃபைலைத் திறந்தார். என் பன்னிரண்டு வருடமும் பிரிண்ட் போட்டு, சிவப்பு மையில் கோடு போட்டு இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "'என் மச்சினன் ஆசை ஆசையாக இரண்டு முயல் வாங்கினான். குட்டிக்காக எட்டு மாதம் காத்திருந்தான். கடைசியில் மாட்டு டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஆண் என்றார்.'"

பக்கத்தைப் புரட்டினார். "'மச்சினன் கல்யாண வீட்டில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தான். நம்பரைச் செருப்பில் சாக்பீஸால் எழுதியதால் மழையில் அழிந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் வெறுங்காலோடு வீடு போனார்.' இங்க பாருங்க, நாகர்கோயிலுக்குன்னு மாத்தி ரயில் ஏறி, விருதுநகர்ல முழிச்சிருக்காரு." கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு ஆம்பள முயல வச்சிக்கிட்டு எட்டு மாசம் உக்காந்திருந்த ஆளுக்கு நான் எப்படிங்க பொண்ணக் குடுப்பேன்?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிளாக் தொடங்கிய புதிதில் என் கிறுக்குத்தனங்களை என் பேரிலேயே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் படித்துவிட்டார். ஒரு வாரம் நான் தலை காட்ட முடியவில்லை. அந்தப் பதிவுகளை அழித்துவிட்டேன். அதன் பிறகு 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'என் மச்சினன்' என்று போட ஆரம்பித்தேன். அவன் இரண்டு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தான். செல்வியோ பிளாக்கைத் தொட மாட்டாள். "அதுல இருக்கதத்தான் நான் தெனமும் வீட்லயே பாக்கனே" என்பாள். அந்த இரண்டு முயலும் அவளுக்குத் தெரியாமல் பள்ளி லேப் உதவியாளரின் மாடியில் வளர்ந்தவை.

செல்வி தம்பியிடம் திரும்பினாள். "ஏல, நீ எப்பல ஊருக்கு வந்து முயல் வாங்கின?"

கணேசன் என்னைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த தம்ளரைப் பார்த்தான். "வாங்கினேன்க்கா" என்றான்.

ஐந்தாவது இடம் அவன் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதே இல்லை.

"முயல் என்னோடது" என்றேன். "டோக்கனும் நான்தான். விருதுநகரும் நான்தான்."

"அன்னைக்கு ஸ்கூல்ல ஆடிட்டுன்னு சொன்னிய?" என்றாள் செல்வி.

"விருதுநகர்லதான் இருந்தேன்."

சுடலைமுத்து நிதானமாகப் பக்கம் பக்கமாகக் கேட்க ஆரம்பித்தார். "சொந்தக்காரங்க வந்ததும் பரண்ல ஏறி ஒளிஞ்சது?"

"நான்."

"கரண்ட் இல்லாதது தெரியாம மிக்ஸி ரிப்பேர்னு கழட்டிப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

செல்வியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சுடலைமுத்து ஃபைலைப் பட்டென்று மூடிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப மாப்பிள்ள தங்கம்தான்! ஏ, இனிப்பு கொண்டாங்க!"

"அப்பா, ஏக் மினிட்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சுகன்யா வெளியே வந்து நின்றாள்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுண்ணா. அப்பாதான் டெய்லி ஈவ்னிங் வாசிச்சுக் காட்டுவாங்க" என்றாள் என்னிடம். "மார்னிங் ட்ரெய்ன்ல அந்த முயல நெனச்சு நான் தனியா சிரிப்பேன், பக்கத்து லேடீஸ் எல்லாம் பாகல், பைத்தியம்னு நெனச்சு தள்ளி ஒக்காருவாங்க. எனக்குப் புடிச்சதே அந்த ஆளத்தான். அதான் ஓகே சொன்னேன். இப்ப அது நீங்கன்னா... மத்லப், அதாவது, இவர் யாரு?"

பொய் எழுதி அப்பாவிடம் காரியத்தைக் கெடுத்தேன், மெய் சொல்லி மகளிடம் கெடுத்தேன். ஆப்பசைத்த குரங்கு மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கணேசனிடமே கேட்டாள். "அண்ணா உங்க பேர்ல எழுதுறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒண்ணு விடாமப் படிப்பேன்."

"தென் ஏன் சண்ட போடல?"

கணேசன் சேர்ந்தாற்போல நான்கு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினான்.

"வருசத்துக்கு ஒருக்காதான் ஊருக்குப் போவேன். மத்த நாளு அங்க என்னயப் பத்தி யாரு பேசப் போறா? அத்தான் எழுதுறதுல நான் அவிய வீட்டுப் பரண்ல ஏறுதேன், மிக்ஸிய ஒடைக்கேன், அக்கா என்னய வையுதா. வேல முடிஞ்சு வந்து அதப் படிக்கையில நானும் அங்ஙனயே இருக்க மாதிரி இருக்கும். ஏன் எழுதுதியன்னு கேட்டா நிப்பாட்டிருவாவன்னு பயம். அதான் கேக்கல."

பன்னிரண்டு வருடம் ஒருவன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறேன், அவன் அதை நான் போட்ட கடிதம் போல வாங்கிப் படித்திருக்கிறான். பக்கத்தில் செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

சுகன்யா விடவில்லை. "கொஞ்சம் முன்ன முயல் நான்தான் வாங்கினேன்னு எதுக்கு சொன்னீங்க?"

"இல்லாட்டி அக்கா அத்தான வஞ்சிருப்பால்லா."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஓகே. ஆனா ஒரு கண்டிஷன்ணா. இத்தன வருஷம் நீங்க பண்ணதெல்லாம் இவர் பேர்ல போட்டீங்க. இனிமே இவர் பண்றதெல்லாம் உங்க பேர்லதான் போடணும். பராபர்? சரிதானே?"

"பராபர். இவிய சார்பா நான் ஒத்துக்கிடுதேன்" என்றாள் செல்வி. அவளுக்கு அந்த இந்தி வார்த்தை எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. முயல் விஷயத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று என் காதோரம் சொன்னதும் அவள்தான்.

சுடலைமுத்து தட்டு எடுத்து வந்தார். வெற்றிலை பாக்கு மாற்றினோம். அந்த நேரத்தில் அந்த ஹாலில் ஒருவர், நான்கு இடம் தட்டிப்போனபோதும் 'பரவாயில்லக்கா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர், கையில் இருந்த பஜ்ஜியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், வெள்ளைச் சட்டை நனைய, எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். ஒப்பந்தம் அதற்குள் அமலுக்கு வந்துவிட்டதால் இங்கே பதிவு செய்கிறேன்: அழுதது நான்தான்.